எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு உடற்பயிற்சி நிலைக்க என்ன செய்வது?

கேள்வி: அவினாசிக்குப் பக்கத்தில் இருக்கிறேன், வயது 41. மூன்று மாதத்துக்கு முன்னால் கோவையில் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோ இருந்தேன், இப்போது 93. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை. வாரத்தில் பாதி நாள் ஒன்றரை ஷிஃப்ட். நடக்க ஆரம்பித்தால் ஒரு வாரம் போகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. முழங்கால் வேறு வலிக்கிறது. எடை தானாகவே குறைந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போதைக்கு விட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? ஜிம்முக்குப் போயே ஆகவேண்டுமா?

பதில்:

ஜிம் தேவையில்லை, அந்தக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். நான் கோவையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களோடு பல வருஷமாக வேலை செய்கிறேன். நீங்கள் கேட்டதை மூன்றாவது மாதத்தில் ஏறக்குறைய எல்லோரும் கேட்கிறார்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள் அம்மிணி. தள்ளிப்போடுவதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோனும் அதோடு குறைகிறது. முதல் ஆறு மாதம் நீங்கள் நடந்தாலும் நடக்காவிட்டாலும் எடை இறங்கும். தினமும் நடக்கிறவருக்கும் சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் எடை மிஷினில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதைப் பார்த்துத்தான் ‘உடற்பயிற்சி இல்லாமலே குறையுதே’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் மிஷின் மொத்த எடையை மட்டும்தான் காட்டும், குறைந்தது எது என்று அதற்குத் தெரியாது. சாப்பாடு திடீரென்று இவ்வளவு குறையும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, தசையையும் கரைக்கும். குறையும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு வரை அப்படிப் போகலாம். உங்களுடைய 19 கிலோவில் நான்கைந்து கிலோ தசையாகப் போயிருக்க வாய்ப்பு உண்டு. ஒரம்பரை வீட்டுக்குப் போனால் ‘என்ன கண்ணு, சீக்கு வந்தவளாட்டம் ஆயிட்டே’ என்கிறார்களே, அவர்கள் கண்ணில் படுவதில் இதுவும் ஒன்று.

தசை போனால் உட்கார்ந்து எழுவது கஷ்டம், படி ஏறுவது கஷ்டம். சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறையும். 12 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் எடை இறங்குவது நின்றுவிடும். பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். அந்த நேரத்தில் தசையும் இல்லை, நடக்கும் பழக்கமும் இல்லை என்றால் இறங்கிய எடை திரும்ப ஏறத் தொடங்கும். இரண்டு வருஷம் கழித்து ‘ஆபரேஷன் வேலை செய்யலீங்க’ என்று வருத்தத்தோடு வருகிறவர்களிடம் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் முதல் வருஷம் முழுக்க ஒரு பயிற்சியும் இருந்திருக்காது. இப்போது உங்கள் உடம்பு மாதாமாதம் இலேசாகிறது, போன மாதம் முடியாதது இந்த மாதம் முடிகிறது. புதுப் பழக்கம் ஒன்றைப் பிடித்துக்கொள்ள இவ்வளவு தோதான காலம் மறுபடி அமையாது.

அதனால் எடையைப் பார்த்துப் பயிற்சி செய்யாதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். எடை நடுவில் இரண்டு மூன்று வாரம் அப்படியே நிற்கும். எல்லோருக்கும் நிற்கும். எடைக்காக நடக்கிறவர் அந்த வாரத்தில்தான் நடையையும் நிறுத்துகிறார்.

இனி முழங்காலுக்கு வருவோம், உங்களை நிறுத்திவைத்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி 19 கிலோ குறைந்த உங்களுக்கு ஒவ்வொரு அடிக்கும் எழுபது கிலோவுக்கு மேல் பாரம் குறைந்திருக்க வேண்டும். அப்படியும் வலிக்கிறது என்றால், மூட்டுத் தேய்மானம் இருக்கலாம். அதோடு, மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத் தசை இளைத்திருக்கவும் வாய்ப்பு அதிகம். சிமெண்ட் தரையில் செக்கிங் டேபிள் பக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதும், ரப்பர் செருப்போடு நடப்பதும் மீதியைச் செய்யும். வலிக்கிறதே என்று படுத்துவிட்டால் தொடை இன்னும் இளைக்கும். முதலில் தொடையைப் பலப்படுத்த வேண்டும், நடையின் நீளம் அப்புறம் கூடும். எல்லோரும் நடையிலேயே ஆரம்பிக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் நான் பலப் பயிற்சியைத்தான் முன்னால் வைப்பேன்.

வலிக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் கால் வலி என்றால் மெடிக்கலில் இரண்டு மாத்திரை, இல்லாவிட்டால் பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைச் சர்ஜனைக் கேட்காமல் தொடாதீர்கள். இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இவை புண் உண்டாக்கும், அதனால் அறவே கூடாது என்றே சொல்லுவார்கள். ஸ்லீவ் செய்தவர்களையும் பல சர்ஜன்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதம் ஆகிவிட்டதால் தையல், துளை போட்ட இடம் எல்லாம் ஆறியிருக்கும். முதல் நான்கு முதல் ஆறு வாரம் வரை கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்களே, அந்தக் கட்டமும் தாண்டிவிட்டது. ஆனாலும் பலப் பயிற்சி ஆரம்பிக்கலாமா என்று சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். துளை போட்ட இடத்தில் புடைப்பு தெரிந்தால் அதைக் காட்டாமல் எதுவும் செய்ய வேண்டாம்.

வீட்டில் செய்ய இவ்வளவு போதும். கைப்பிடி இல்லாத, வழுக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோரமாகப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மெதுவாக மூன்று எண்ணிக்கையில் உட்காருங்கள், பிறகு எழுந்திருங்கள். முடியவில்லை என்றால் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எட்டு தடவை. அடுத்து சுவரைப் பார்த்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நோக்கிச் சாய்ந்து திரும்பித் தள்ளி வாருங்கள். அதுவும் எட்டு. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி முன்னங்காலில் நிற்பது பத்து தடவை. நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கெண்டைக்காலில் ரத்தம் தேங்காமல் இருக்க இதைவிட நல்லது இல்லை, கம்பெனியிலும் டேபிளைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி இறக்குவது எட்டு. கடைசியாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்துக்கொண்டு, முழங்கையை மடக்கித் தூக்குவது பத்து. இதை ஒரு சுற்று முடித்து, இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, இன்னொரு சுற்று. மொத்தம் பதினைந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

வாரம் இரண்டு நாள் செய்யுங்கள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. எட்டு சுலபமானதும் பத்து, பன்னிரண்டு. பன்னிரண்டும் சுலபமானால் தலையணையை எடுத்துவிடுங்கள், சுவருக்குப் பதில் மேடையில் சாய்ந்து தள்ளுங்கள், பாட்டில் இரண்டு லிட்டர் ஆகட்டும். இப்படிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆறு மாதம் கழித்தும் அதே எட்டு, அதே ஒரு லிட்டர் என்றால் தசைக்கு வேலையே இல்லை. வயிற்றைச் சுருக்கி எழும் பயிற்சி, தரையில் முழு உடம்பையும் தாங்கும் பயிற்சி இவை இப்போது வேண்டாம். முதலில் இடுப்பும் தொடையும் தேறட்டும்.

‘வீட்டு வேலை, கம்பெனி வேலை எல்லாம் உடற்பயிற்சிதானே’ என்று கேட்பார்கள். தோட்டத்தில் மஞ்சள் வெட்டுகிறவரும் கட்டுத்தரையைக் கூட்டி அள்ளுகிறவரும்கூட இதையே கேட்கிறார்கள். உடம்பு அசைவது நல்லதுதான், அதை ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலையில் உடம்பு பழகிய அளவுக்குத்தான் வேலை செய்யும். கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூடுவதில்லை, மூச்சு வாங்கும் அளவுக்குத் தொடர்ந்து பத்து நிமிஷம் போவதும் அபூர்வம். நின்றுகொண்டே பீஸ் பார்ப்பதில் கால் வீங்குமே தவிர இதயத்துக்குப் பயிற்சி கிடைக்காது.

நடைக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் வருஷ வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்கிறது. எடை திரும்ப ஏறாமல் காப்பாற்ற 200 நிமிஷத்துக்கு மேல் போவது நல்லது. இந்த எண்ணைக் கேட்டு மலைக்காதீர்கள். அது நீங்கள் ஒரு வருஷத்தில் போய்ச் சேர வேண்டிய இடம். இப்போது உங்களுக்குத் தேவை ஒரு நாளைக்கு மூன்று பத்து நிமிஷம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரியானது.

ஒன்றரை ஷிஃப்டில் அதை எங்கே வைப்பது? காலை கம்பெனி வண்டி பிடிக்கும் இடத்துக்குப் பத்து நிமிஷ நடை இருந்தால் வீட்டுக்காரரை வண்டியில் விடச் சொல்லாதீர்கள், நடங்கள். மதியம் சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடும் முன்பு நடங்கள். நீங்கள் மெதுவாக மென்று சாப்பிட இருபது முப்பது நிமிஷம் ஆகும், அவசரப்பட்டால் வாந்தி வரும், அதனால் நடையைப் பின்னால் வைத்தால் நடக்கவே நேரம் இருக்காது. மூன்றாவது பத்து நிமிஷம் வீடு திரும்பும்போது ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தனியாக நடக்கும் தெரு சரியில்லை என்றால் வீட்டு மொட்டை மாடி போதும். சனிக்கிழமை சம்பள நாள், தாமதமாகும், அன்று எதையும் திட்டமிட வேண்டாம். ஞாயிறு காலை ஒரே ஒரு நீண்ட நடை, இருபது நிமிஷத்தில் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டு போங்கள். பலப் பயிற்சிக்குத் திங்களும் வியாழனும் காலை, குளிக்கப் போகும் முன்பு. குளியல் என்பது ஒருநாளும் தவறாத காரியம், அதோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

பழக்கம் அறுந்துபோவது பெரும்பாலும் சோம்பலால் இல்லை. தண்ணி விடும் நாள் வருகிறது, காலை முழுக்கக் குடத்தோடு போகிறது. வைகாசியில் முகூர்த்தம் மேல் முகூர்த்தம். ஷிப்மெண்ட் நெருக்கத்தில் ஞாயிறும் வேலை. இதெல்லாம் வரும் என்று தெரிந்தே ஒரு சின்னத் திட்டத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்: அந்த மாதிரி நாளில் நாற்காலியில் எட்டு தடவை உட்கார்ந்து எழுவது, ஐந்து நிமிஷம் வாசலில் நடப்பது, அவ்வளவுதான். அதுவும் பயிற்சி செய்த நாள்தான். ஒரு நாள் முழுதாக விட்டுப்போனால் போகட்டும், அடுத்த நாளையும் விட்டுவிடாதீர்கள். காலண்டரில் ஒரு டிக் போடுங்கள். எடையை வாரம் ஒருமுறைக்கு மேல் பார்க்க வேண்டாம். இடுப்புச் சுற்றளவையும், அரை நிமிஷத்தில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பதையும் மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். எடை நிற்கும் மாதத்திலும் இந்த இரண்டும் நகரும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் தசையைப் பேச முடியாது. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று உங்கள் டயட்டீஷியன் சொல்லியிருப்பார். நம் பக்கத்து அரிசி பருப்பு சாதத்தில் அரிசிதான் அதிகம். சின்ன வயிறு அதிலேயே நிரம்பிவிடும். தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, பனீர், கெட்டித் தயிர், கடைந்த பருப்பு, சோறு கடைசியில். கொள்ளு நல்லது, நூறு கிராமில் 22 கிராம் போலப் புரதம் இருக்கிறது. ஆனால் வேகவைத்து வடித்த தண்ணியில் வைக்கும் கொள்ளு ரசத்தில் அது கொஞ்சம்தான் இறங்கும், கடைந்த கொள்ளுப் பருப்பாகச் சாப்பிடுங்கள். எட்டவில்லை என்றால் புரோட்டீன் பவுடர் எடுப்பதில் கூச்சம் வேண்டாம். தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல், மடக்கு மடக்காக. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் விட்டு. சித்திரை வெயிலில் நடக்கும்போது இது இன்னும் முக்கியம், ஏனென்றால் முன்போல ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து ஈடுகட்ட முடியாது. நடைக்குக் கிளம்பும்போதே கையில் பாட்டில் இருக்கட்டும்.

மாத்திரைகள்: சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையோ இன்னும் பழைய அளவிலேயே எடுத்துக்கொண்டிருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். எடை குறையக் குறைய அந்த அளவு அதிகமாகிவிடும். நடக்கும்போது தலை சுற்றும், வியர்த்துக் கொட்டும். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகளை விடாதீர்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்றால் அதைச் சோம்பல் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாமல் ரத்தம் பரிசோதியுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல் வந்தால், நிற்காத வாந்தியோடு கால் மரத்துப்போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஷூ ஒன்று வாங்குங்கள், ஆனால் இப்போது நடுத்தர விலையில். எடை குறையும்போது பலருக்குப் பாதமும் சற்று ஒடுங்கும், ஒரு வருஷத்தில் மாற்ற வேண்டி வரலாம். தொடையும் வயிற்று மடிப்பும் உரசிப் புண்ணாவதால்தான் நிறையப் பெண்கள் வெளியே சொல்லாமல் நடையை நிறுத்துகிறார்கள். பனியன் ஊரில் இருக்கிறீர்கள், இறுக்கமான பருத்தி லெக்கின்ஸ் உங்களுக்குத் தெரியாததா! சுடிதாருக்குள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நடந்து வந்ததும் மடிப்புகளைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். சிவந்து அரித்தால் பூஞ்சைக்கு மருந்து கேளுங்கள்.

தனியாக நடக்கச் சலிப்பாக இருந்தால் ஒன்று சொல்லட்டுமா? வள்ளி கும்மி, வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் நம் பக்கத்துக் கும்மி. இப்போது நம் பக்கம் ஊர் ஊராகப் பயிற்சி நடக்கிறது. கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் இதற்காகவே பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பெண்களையும் சேர்த்து ஆடப் பழக்கியவர் அவர். குனிந்து நிமிர்ந்து, கை தட்டி, சுற்றி வந்து ஆடும்போது மூச்சும் காலும் ஒன்றாக வேலை செய்கின்றன. பக்கத்து வீட்டு அக்காவும் அவர் மகளும் வரிசையில் நிற்கும்போது ‘இன்னைக்கு வரலையா’ என்று கூப்பிட ஆள் இருக்கும். பழக்கம் நிலைக்க அதைப் போல ஒன்று கிடையாது. ஆறு மாதம் முடிந்து, முழங்கால் தேறிய பிறகு சேருங்கள். ஆரம்பத்தில் பாதி நேரம் மட்டும் ஆடுங்கள், குதிக்கும் இடத்தில் குதிக்காமல் எட்டு வைத்து ஆடலாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். முதல் வருஷம் வேண்டாம். நாள் முழுக்க நடை, வழியில் கிடைப்பது சோறும் பானகமும், தண்ணீரை வேகமாகக் குடிக்கவும் முடியாது. இரைப்பை பைபாஸ் செய்தவருக்குப் பானகத்தின் இனிப்பே படபடப்பும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். வேண்டுதல் இருந்தால் சென்னிமலை முருகன் கோவிலை வைத்துக்கொள்ளுங்கள். 1,320 படி. வருஷக் கடைசிக்குள் ஏறுவது உங்களால் முடியும். ஏறுவது படியில், இறங்குவது பஸ்ஸில். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அடி அதிகம்.

இந்தத் திங்கட்கிழமை காலை நாற்காலியோடு ஆரம்பியுங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலுக்கு நின்ற நிலையில் ஓர் எக்ஸ்ரே தேவையா என்றும் கேளுங்கள். ரிப்போர்ட் வந்ததும், எழுந்து உட்காரும் எண்ணிக்கை எவ்வளவு வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாற்காலிப் பயிற்சியிலிருந்து வாசற்படி ஏறி இறங்கும் பயிற்சிக்கு எப்போது மாறலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.